வாயில் தோன்றும் வெண்கோடுகள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. வியாபாரிக்கோ வாய்தான் முதல். காலையில் கடை திறந்தது முதல் இரவில் கணக்கு முடிக்கும் வரை பேசியே பிழைக்க வேண்டியவன் அவன். அந்த வாயில் சிறிது ஆணம் பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் எரிந்தால் என்ன செய்வது? அம்பாங் பெச்சாவிலும் கோலகுபு பாருவிலும் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் கடை நடத்தும் நம்மவர்கள், "உடம்புச் சூடு" என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு மாதக்கணக்கில் இருந்துவிடுவதுண்டு. அவ்வெரிச்சலுக்குக் காரணமாகக்கூடிய ஒரு நோயைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

அதன் பெயர் லைக்கன் பிளானஸ். 1869-ஆம் ஆண்டில் எராஸ்மஸ் வில்சன் என்ற லண்டன் வைத்தியர் இதனை விவரித்து இப்பெயரிட்டார். லைக்கன் என்பது பாறையிலும் மரப்பட்டையிலும் பாசிபோல் படர்வதன் பெயர். இந்நோய் கண்டவரின் இரு கன்னங்களின் உட்புறத்திலும் சல்லாத் துணியின் பின்னலைப் போல் மெல்லிய வெண்கோடுகள் தோன்றும். துடைத்தால் போகா. சிலருக்கு நோவே இராது. வேறு சிலருக்கு அவ்விடம் சிவந்து, தோல் உரிந்து, புண்ணாகிவிடும். ஈறும் சிவந்து உரியும்.

உடலைக் காக்க வேண்டிய அணுக்களே வாயின் உட்தோலைப் பகையென்று எண்ணித் தாக்குவதால் இது உண்டாகிறது. ஆகவே இது தொற்றுநோயன்று. ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பதால் பிறருக்கு ஒட்டாது. அசுத்தத்தால் வருவதுமன்று. வெட்கப்பட்டு மறைக்க இதில் ஒன்றுமில்லை. ஆனால் அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. தணிவதும் மீண்டும் கிளம்புவதும் இதன் இயல்பு. தணித்து வைப்பதே சிகிச்சையின் நோக்கம்.

நம் நாட்டில் 1993–94-இல் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைப் பல் வைத்தியர்கள் பரிசோதித்தனர். ஆயிரத்தில் ஏறக்குறைய நால்வருக்கு இந்நோய் இருந்தது. பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வாய்க்கோளாறுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்தியர்களிடத்தில்தான் அவை மிகுதி: நூற்றுக்கு நால்வர். வெற்றிலைத் தட்டு வைத்திருக்கும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். பாக்கு அடக்கும் இடத்திலும் இதே போன்ற வெண்கோடுகள் தோன்றுவதுண்டு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டுள்ளது. எனவே வாயில் கோடு கண்டவர் முதலில் விட வேண்டியது வெற்றிலை பாக்கையும் சிகரெட்டையும்தான்.

இனி வீட்டில் செய்யத்தக்கவை.

முதலாவது, பல் துலக்குதல். எரிகிறதென்று துலக்காமல் விட்டால் அழுக்குப் படிந்து ஈறு இன்னும் கெடும். மிக மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் மெதுவாகத் துலக்குக. மிஸ்வாக் பழக்கமுள்ளோர் அதன் நாரை நன்கு ஊறவைத்துப் பல்லில் மட்டும் தேய்க்கலாம். புண்ணான ஈற்றில் படக்கூடாது. நுரைக்காகச் சோடியம் லாரில் சல்பேட் சேர்த்த பற்பசையும், இலவங்கப்பட்டை மணமுள்ள பற்பசையும் எரிச்சலைக் கூட்டும். சாராயச் சத்துள்ள வாய் கொப்பளிக்கும் மருந்தும் ஆகாது.

இரண்டாவது, உணவு. மிளகாய்ச் சம்பல், புளிப்பான பழங்கள், சுடச்சுடத் தேநீர், முறுக்கு போன்ற கரடான பண்டங்கள் இவற்றை நோய் தணியும் வரை ஒதுக்குக. கஞ்சி, தயிர்ச் சோறு, காரமில்லாத பருப்பு ஆகியவை வாய்க்கு இதமானவை.

மூன்றாவது, கைவைத்தியம். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பது நல்லது. கற்றாழைக் களியைப் பற்றி, தாய்லாந்தில் 54 நோயாளிகளைக் கொண்டு செய்த சோதனை 2008-இல் வெளிவந்தது. வெறுங்களி பூசியவரைவிடக் கற்றாழைக் களி பூசியவருக்குக் குணம் மிகுதியாகக் கண்டது. ஆயினும் இலையை வெட்டினால் வழியும் மஞ்சள் பால் புண்ணை உறுத்துமாதலால், சுத்திகரித்த களியையே கேட்டு வாங்க வேண்டும். மஞ்சளைப் பற்றிய சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கிராம்பு எண்ணெய், சுண்ணாம்பு, கரித்தூள் ஆகியவற்றைத் தேய்ப்பதும், கோட்டை நகத்தால் சுரண்டுவதும் தீங்கையே தரும்.

இவையெல்லாம் துணையே தவிர சிகிச்சையல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையோ, மறையாத கோட்டையோ பல் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கு ஆண்டுகள் சென்றபின் அவ்விடத்தில் புற்று உண்டாகிறது. மற்ற தொண்ணூற்றொன்பது பேர் அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் அந்த ஒருவர் யார் என்பது தொடர்ந்து பார்த்து வந்தால்தான் தெரியும். தொடக்கத்திலேயே கண்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

வைத்தியர் சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதிக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். பூசுவதற்கு ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பார். அதனைப் பூசியபின் அரைமணி நேரம் உண்ணவோ பருகவோ கூடாது. நோன்புக் காலத்தில் எந்த நேரத்தில் பூசுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்க. இரத்த அழுத்தத்துக்கோ மூட்டு நோவுக்கோ சாப்பிடும் மாத்திரைகளும், பல்லில் அடைத்த பழைய உலோகமும் சிலருக்கு இதே கோடுகளை உண்டாக்கும். ஆகவே உண்ணும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியரிடம் காட்டுக. ஆனால் நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். நோய் தணிந்த பிறகும் அவர் குறிக்கும் தவணைதோறும் சென்று காட்டி வருவது அவசியம்.

கடையில் சரக்குக் குறைகிறதா என்று நாள்தோறும் அலமாரியைப் பார்க்கிறோம். மாதம் ஒருமுறை டார்ச் விளக்கும் கண்ணாடியும் எடுத்து நம் கன்னத்தின் உட்புறத்தையும், நாக்கின் ஓரங்களையும், ஈறுகளையும் பார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். இன்றிரவு கடை அடைத்ததும் தொடங்குவோமாக. வீட்டிலுள்ள பெண்களையும் முதியோரையும் பார்க்கச் சொல்வோமாக.