வணிகக் குறி வழக்குகளில் வாங்குவோரின் நிலை

இரு நிறுவனங்கள் ஒரு பெயருக்காக நீதிமன்றத்தில் வழக்காடும்போது வாதியும் வணிகர், பிரதிவாதியும் வணிகர். பொருளை வாங்குபவர் அவ்வழக்கில் கட்சிக்காரர் அல்லர். ஆயினும் அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்பதைக் கொண்டே தீர்ப்பு பெரும்பாலும் அமைகிறது.

பதிவு பெற்ற குறியைப் பிறர் கையாண்டால் அது உரிமை மீறலாகும். பதிவு பெறாத குறிக்கும் பாதுகாப்பு உண்டு. தம் சரக்கைப் பிறர் சரக்கெனத் தோன்றச் செய்து விற்பவரை வழக்கின் மூலம் தடுக்கலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்விரு வழிகளும், 2003இல் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்திலும் தொடர்கின்றன.

எவ்வளவு ஒப்புமை இருந்தால் அது ஏமாற்றத்தக்கது? ‘அமிர்ததாரா’ என்னும் மருந்தின் உரிமையாளர்கள் ‘லட்சுமண்தாரா’ என்ற பெயரின் பதிவை எதிர்த்தனர். சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டால் ஒன்று அமுதப் பெருக்கு, மற்றொன்று லட்சுமணன் பெயரால் வழங்கும் பெருக்கு. ஆனால் சாதாரண அறிவும் அரைகுறை நினைவும் கொண்ட கிராமவாசி கடையில் நின்று சொல்லாராய்ச்சி செய்வதில்லை என 1962இல் உச்ச நீதிமன்றம் கருதியது; ஒப்புமை ஏமாற்றத்தக்கதே என முடிவு செய்தது. எனினும், எதிர்த்தரப்பினர் நெடுங்காலம் வாளாவிருந்தமையால், உத்தரப் பிரதேசத்தில் விற்பனை செய்வதற்கு மட்டும் பதிவு அனுமதிக்கப்பட்டது. உரிமையுடையவர் உறங்கிவிட்டால் சட்டமும் ஓரளவு கைவிட்டுவிடும்.

சென்னையில் எழுந்த மூக்குப்பொடி வழக்கு இன்னும் சுவையானது. ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற குறி பதிவு பெற்றிருந்தது. ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயருக்குப் பதிவு கோரப்பட்டது. அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்பதைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூக்குப்பொடி வாங்குவோர் அனைவரும் இவ்வேறுபாட்டை அறிந்தவர் அல்லர். காதில் விழும் ஒலியோ மிக நெருங்கியது. 1969இல் உச்ச நீதிமன்றம் ஒலி ஒப்புமையையே முதன்மையாகக் கொண்டு ‘ஆண்டாள்’ பதிவை மறுத்தது.

மூக்குப்பொடி மாறினால் இழப்பு சிறிது. மருந்து மாறினால் உயிரே போகலாம். கொடிய மலேரியாவுக்குரிய ‘ஃபால்சிகோ’, ‘ஃபால்சிடாப்’ என்னும் இரு மருந்துகள் உட்பொருளில் வேறானவை. இவை மருத்துவமனைகளுக்கே விற்கப்படுவதால் குழப்பம் நேராது என வாதிடப்பட்டது. மருத்துவரும் மருந்தாளுநரும்கூடத் தவறக்கூடும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, மருந்துப் பெயர்களுக்குக் கடுமையான அளவுகோல் தேவை என்றது. பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாத நாட்டில் ஆங்கிலேய நீதிமன்றங்களின் அளவுகோலை அப்படியே ஏற்கவியலாது என்றும் அது கூறியது. இது நெடுநாள் முன்னரே கூறப்பட்டிருக்க வேண்டிய கருத்து.

விளம்பரப் பூசல்களில் நிலைமை வேறு. துணிக்கிடும் நீலம் பற்றிய வழக்கில் 1999இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, வணிகர் தம் சரக்கே உலகில் சிறந்தது எனச் சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையன்று எனினும்! பிறர் சரக்குடன் ஒப்பிடவும் செய்யலாம். ஆனால் போட்டியாளரின் சரக்கு கெட்டது என இழித்துரைத்தல் கூடாது. வணிகருக்கிடையே இது நியாயமான ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் பொய்யான தற்புகழ்ச்சியை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு இதனால் பயனில்லை.

இக்குறையை நீக்கும் பொருட்டே, 1969ஆம் ஆண்டு ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, முறையற்ற வணிக நடைமுறைகளும் அதன் வரம்பில் சேர்க்கப்பட்டன. அச்சட்டம் 2009இல் நீக்கப்பட்டது. அதற்குப் பின்வந்த போட்டிச் சட்டத்தில் இப்பொருள் இடம்பெறவில்லை. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழோ, போட்டி நிறுவனம் நுகர்வோர் என்ற தகுதியில் முறையிட இயலாது. எனவே நிறுவனங்கள் உயர் நீதிமன்றங்களையே நாடின.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தை ஏற்படுத்தியது. தவறான விளம்பரத்தை நிறுத்த ஆணையிடவும், 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறிழைத்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. இத்தகைய புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் அளிக்கலாம். ஆட்சியர் விசாரித்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம் என்பதால், மாவட்ட அலுவலகங்களில் பணிபுரிவோர் இப்பிரிவுகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது.