எண்ணும் சொல்லும் கலந்தால்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சிறு பட்டறைகளின் விவரம் சேகரித்திருக்கிறேன். ஆட்களின் எண்ணிக்கை, மின்செலவு எண்களாகவும், தொழில் வகை, சொந்த இடமா வாடகையா என்பவை சொற்களாகவும் உள்ளன. எப்படிக் குழு பிரிப்பது?
– கல்லூரி மாணவி, ஆவடி

பதில்: லேத்துக்கு 1, பிளாஸ்டிக் மோல்டிங்குக்கு 2, வார்ப்படத்துக்கு 3 என்று எண் போட்டுவிடாதீர்கள். மோல்டிங் மற்ற இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1936இல் தந்த தொலைவு அளவை எண்களுக்கு அருமையானது, சொற்களுக்கு ஆகாது.

உங்களுக்கு ஏற்றது ஜான் கோவர் 1971இல் வெளியிட்ட முறை. எண் என்றால், இரு பட்டறைகளின் வித்தியாசத்தை அந்த விவரத்தின் வீச்சால், அதாவது மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால், வகுக்க வேண்டும். சொல் என்றால், ஒன்றாக இருந்தால் 0, வேறானால் 1. பிறகு சராசரி. ஒன்றில் 10 பேர், இன்னொன்றில் 30 பேர், வீச்சு 100 என்றால் 0.2. தொழில் ஒன்றே: 0. ஒன்று சொந்தம், மற்றது வாடகை: 1. மூன்றின் சராசரி 0.4, அதுவே இடைவெளி. மின்செலவையும் இப்படியே சேருங்கள்.

ஒரே ஒரு பெரிய ஆலை புகுந்தாலும் வீச்சு ஊதி, சிறு பட்டறைகளின் வேறுபாடு மறைந்துவிடும். அப்போது அந்த எண்களின் மடக்கையை (log) எடுத்துக் கணக்கிடுங்கள். குழு பிரிக்க மெடாய்டு முறையே நல்லது. ஒவ்வொரு குழுவுக்கும் உண்மையான ஒரு பட்டறையே பிரதிநிதியாகக் கிடைக்கும். அங்கே நேரில் போய், நீங்கள் பிரித்தது சரிதானா என்று முதலாளியிடமும் தொழிலாளரிடமும் கேளுங்கள்.