அரையாண்டுத் தேர்வும் திருவருகைக் காலமும்

டிசம்பர் மாதம் பள்ளிக்கூடத்தில் எப்படிப் போகும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரையாண்டுத் தேர்வு, கட்டுக்கட்டாக விடைத்தாள், பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு, மழை வந்தால் லீவு, லீவு விட்டதால் முடியாத பாடம். சரியாக இந்த நேரத்தில்தான் கத்தோலிக்கத் திருச்சபையில் திருவருகைக் காலமும் வருகிறது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட எதிர்நோக்கின் காலம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். சிவப்பு மையால் நிறைந்த மதிப்பெண் பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டு எதிர்நோக்கைப் பற்றிப் பேசுவது லேசான காரியமில்லை. எனக்குக் கைகொடுத்த சில வழிகளைச் சொல்கிறேன்.

சவேரியாரை வாத்தியாராகப் பாருங்கள்

டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். கோட்டாறு திருவிழாவுக்குப் போகிறவர்கள் அவரைப் புதுமை செய்யும் புனிதராக அறிவார்கள். எனக்கு அவர் முதலில் வாத்தியார். 1542இல் எங்கள் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துகீசு தெரிந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். பத்து ஆண்டு கழித்து, 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரைக்கு அருகே சாங்சுவான் தீவில் படகுக்குக் காத்திருந்தபடியே இறந்தார். சீனப் பெருநிலத்துக்குள் அவர் போகவே இல்லை. விளைச்சலைப் பார்க்காமல் போவது நம் தொழிலில் புதிதல்ல என்பதை டிசம்பர் தொடங்கும்போதே நினைத்துக்கொள்வது நல்லது.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அடுத்த படியை எழுதுங்கள்

என்னிடம் வந்த ஒரு விடைத்தாளில் மூன்று பக்கம் வெறுமை. வரைபடக் கேள்வியில் மட்டும் துறைமுகங்கள் எல்லாம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தன. விடுமுறை நாளில் அப்பாவோடு கடலுக்குப் போகும் பையன். ‘முயற்சி செய்’ என்று எழுதினால் அவனுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. ‘வரைபடம் உனக்கு வருகிறது. அடுத்து காலக்கோடு. திங்கள்கிழமை மதியம் என்னைப் பார்’ என்று எழுதினேன். வந்தான். காலக்கோட்டைப் படகு புறப்படும் நேரம், வலை போடும் நேரம் என்று அவனே போட்டுப் பழகினான். ஆறுதல் வார்த்தையைவிட நாள் குறித்த ஒரு சின்ன வேலை பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தும்.

வகுப்பு முழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

என் வகுப்பில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் பிள்ளைகள். அவர்களுக்குத் திருவருகைக்கால வளையத்தின் கதையைச் சொல்வேன். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திய யோஹான் ஹின்ரிச் விகெர்ன், லூத்தரன் சபைப் போதகர். ‘கிறிஸ்துமஸ் எப்போது வரும்?’ என்று தினமும் நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை வரிசையாக வைத்தார். வாரநாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது. கத்தோலிக்கர்கள் பின்னால்தான் அதை எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளின் பொறுமையின்மையை அதட்டி அடக்காமல் எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

மூன்றாம் ஞாயிறை ஒட்டிக் கிறிஸ்துமஸ் குடிலுக்காக மண் தட்டில் கேழ்வரகு தூவுவோம். அம்மன் கோவில் கொடைக்கு முளைப்பாரி போடும் வீட்டுப் பிள்ளைகள் இதில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். எவ்வளவு தண்ணீர் தெளிக்கலாம், எத்தனை நாள் இருட்டில் மூடி வைக்கலாம் என்று அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது என்று ஒரு சிறுமி அலமாரிச் சாவியை என்னிடமே கொடுக்க மறுத்துவிட்டாள்!

ஸ்டாஃப் ரூமில் வாயைக் கட்டுங்கள்

‘இந்த பேட்ச் தேறாது’ என்ற வாக்கியம் டிசம்பரில்தான் அதிகம் கேட்கும். அப்போது எனக்கு நினைவுக்கு வருபவர் லூக்கா நற்செய்தியில் வரும் செக்கரியா, ஆலயத்தில் பணி செய்த குரு. தனக்குக் குழந்தை பிறக்கும் என்று வானதூதர் சொன்னதை நம்பாததால் பேச்சை இழந்து, குழந்தைக்கு யோவான் என்று பெயரிடும் நாளில்தான் வாய் திறக்கிறார். டிசம்பர் 19 திருப்பலியில் அவர் ஊமையாகும் பகுதி வாசிக்கப்படும். 24 காலைத் திருப்பலியில் அவர் பாடும் பகுதி. டிசம்பர் ஆனால் தொண்டை கட்டிப்போகும் நமக்கு அவர் பொருத்தமான துணை. இந்த நான்கு வாரமும் எந்த மாணவரைப் பற்றியும் கடைசித் தீர்ப்பு சொல்வதில்லை என்று நாங்கள் சிலர் பேசிவைத்துக்கொண்டோம். குறை சொல்லலாம், கூடவே என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் ரூம் பேச்சு தானாகவே பாடத்தின் பக்கம் திரும்பியது.

கையிலிருக்கும் வேலையைச் செய்யுங்கள்

2023 டிசம்பர் 17 திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று ரோஜா நிற மெழுகுதிரி ஏற்றும் நாள். அன்று பிடித்த மழை, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கினார்கள். தேர்வு தள்ளிப்போனது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிள்ளைகள் ஊறிப்போன புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வராந்தாவில் பரப்பி, ஸ்கேலை நுழைத்து, ஒட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கிழிந்து கரைந்த நோட்டுகளுக்குப் பதிலாக, நனையாத வீட்டுப் பிள்ளைகள் தங்கள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்தார்கள். அந்த ஆண்டு எதிர்நோக்கைப் பற்றி நான் தனியாக ஒன்றும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளிடம் நான் வாக்குக் கொடுப்பதில்லை. மார்ச் மாதப் பொதுத்தேர்வில் யார் தேறுவார் என்பது எனக்குத் தெரியாது. நாளைக் காலை முதல் பாடவேளையில் யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது தெரியும். திருவருகைக் காலம் என்னிடம் கேட்பது அந்த ஆயத்தத்தைத்தான்.