எல்ரோண்டின் குடும்பம்: சாவும் சாவாமையும்

நுழையும்முன்

சாவாமையைத் தேடி அலைந்தோரின் கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. அது கைக்கு எட்டிய பின்னும் வேண்டா என்று விலக்கியோரின் கதைகள் மிகச் சிலவே. இருவேறு குலங்களின் குருதி கலந்த ஒரு குடும்பத்தில் அத்தகைய தேர்வு தலைமுறைதோறும் நிகழ்வதைக் காட்டும் ஆங்கிலப் புனைவு ஒன்றைப் பற்றியது இப்பாடம்.

ஜே. ஆர். ஆர். டோல்கியன் (1892–1973) ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் அவருடைய பெருநாவல் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு முற்பட்ட காலத்தின் தொன்மக் கதைகளை, அவர் மறைந்தபின் மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து, 1977இல் 'தி சில்மரில்லியன்' எனும் நூலாக வெளியிட்டார். நான்கு வயதில் தந்தையையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர் டோல்கியன். 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். பள்ளிக்காலத் தோழர் இருவரை அவ்வாண்டிலேயே போருக்குப் பறிகொடுத்தவர். இறப்பைப் பற்றி அவர் எழுதியவை ஏட்டறிவால் மட்டும் எழுதப்பட்டவையல்ல.

அவர் படைத்த உலகில் எல்ஃப் என்றொரு குலம் உண்டு. அக்குலத்தார்க்கு மூப்பில்லை, நோயில்லை. வாளால் வெட்டுண்டால் மாய்வர். ஆயினும், அவர்தம் உயிர் உலகைவிட்டு நீங்குவதில்லை. உலகம் உள்ளவரை அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும். மனிதரோ சில காலம் வாழ்ந்து, உலகின் எல்லைக்கு அப்பால் சென்றுவிடுகின்றனர். எங்குச் செல்கின்றனர் என்பதை எல்ஃப்களும் அறியார். இவ்விறப்பினைப் படைத்தவன் மனிதர்க்கு அளித்த 'கொடை' என்றே டோல்கியனின் தொன்மம் குறிக்கிறது. கொடை என்ற சொல் வியப்பளிக்கலாம். பல்லாயிரம் ஆண்டுகள் இழந்தவற்றை நினைந்து நினைந்து வாழ வேண்டிய எல்ஃப்களின் நிலையோடு ஒப்பிட்டால் அச்சொல்லின் பொருள் சற்றே விளங்கும்.

இவ்விரு குலத்தாரும் மணந்துகொண்டால் என்னாகும்? பெரன் என்னும் மனிதன் மாண்டபோது, அவனைக் காதலித்த எல்ஃப் இளவரசி லூதியன், இறந்தோர் உறையும் மன்றத்தின் தலைவர் மாண்டோசின் முன் நின்று பாடினாள். எவர்க்கும் இரங்காத அவர் அன்று இரங்கினார். அவள் முன் இரு வழிகள் வைக்கப்பட்டன: துயரற்ற நாட்டில் பெரன் இன்றி என்றும் வாழ்தல், அல்லது அவனோடு மீண்டு, சிலகாலம் வாழ்ந்து, அவனைப் போலவே இறத்தல். லூதியன் இரண்டாவதைத் தேர்ந்தாள். (ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கியனும் அவர் மனைவி எடித்தும் துயிலும் கல்லறையில் பெரன், லூதியன் என்னும் இரு பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.)

அவர்களின் பெயர்த்தி எல்விங். அவள் கணவன் ஏரெண்டிலும் மனிதத் தந்தைக்கும் எல்ஃப் தாய்க்கும் பிறந்தவன். எக்குலத்தில் சேர்வது என்று தாமே முடிவுசெய்யும் உரிமை இவர்களுக்கு வழங்கப்பட்டது. ஏரெண்டில் உலக வாழ்வில் சலிப்புற்றிருந்தான். முடிவை மனைவியிடமே விட்டான். அவள் எல்ஃப் குலத்தைத் தேர்ந்தாள். அவன் மனம் மனிதர்பால் சாய்ந்திருந்தும், அவள்பொருட்டுத் தானும் அதனையே ஏற்றான். ஏரெண்டிலைப் பொறுத்தவரை சாவாமை அவன் விரும்பிப் பெற்ற பேறன்று. மனைவிக்காகத் தாங்கிய சுமை.

உடன்பிறந்தார் பிரிவு

இவ்விணையரின் மக்கள் எல்ரோண்டும் எல்ரோசும் இரட்டையர். அவர்களுக்கும் அதே உரிமை கிடைத்தது. எல்ரோண்ட் எல்ஃப் குலத்தைத் தேர்ந்தான்; எல்ரோஸ் மனிதகுலத்தைத் தேர்ந்தான். ஒருவரையொருவர் வெறுத்துப் பிரிந்தவர்கள் அல்லர் இவர்கள். எல்ரோஸ் நூமெனோர் என்னும் தீவு நாட்டின் முதல் மன்னனாகி, 500 ஆண்டுகள் வாழ்ந்து இறந்தான். தம்பி மறைந்த பின்னும் ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் எல்ரோண்ட் இவ்வுலகில் வாழ்ந்தான்.

எல்ரோஸ் தன் முடிவைத் தானே எடுத்தான். அவன் வழித்தோன்றல்களை எவரும் கேட்கவில்லை. முன்னோன் ஒருவன் விரும்பி ஏற்ற இறப்பு, பின்னோர்க்குப் பிறப்போடு வந்த விதியாயிற்று. தொடக்கக் கால மன்னர்கள் முதுமை தளர்த்துமுன் தாமே அமைதியாக உயிர்நீத்தனர். நாட்டின் செல்வம் பெருகப் பெருகச் சாவச்சமும் பெருகியது. எல்ஃப்களுக்கு உள்ளது எமக்கு ஏன் இல்லை என்று கேட்கத் தொடங்கினர். அரியணையை இறுகப் பற்றி, அறிவு மயங்கும் வரை வாழ முயன்றனர். இறுதி மன்னன் சாவாதார் வாழும் நாட்டின்மீதே படையெடுத்தான். நூமெனோரைக் கடல் கொண்டது. அவர்கள் மூடர்கள் என்று கடிந்துரைப்பது எளிது. ஆனால், அவர்களின் கேள்வி மூடத்தனமானதன்று என்பதை இக்கதையே பின்னர் ஒப்புக்கொள்கிறது.

தந்தையும் மகளும்

எல்ரோண்டின் மக்களுக்கு அத்தேர்வு வேறொரு வகையில் அமைந்தது. தந்தை கடல் கடந்து மேற்கே செல்லும் நாள்வரை அவர்கள் எல்ஃப்களாகவே வாழலாம். அன்று உடன்செல்லாது தங்கிவிட்டால் மனிதரைப் போல் இறக்க வேண்டும். ஆகவே, அவர்களுடைய முடிவு எதுவாயினும் அது தந்தையைப் பற்றிய முடிவுமாகும்.

தந்தையை இழந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை எல்ரோண்ட் தன் இல்லத்தில் சேர்த்து, மகனைப்போல் வளர்த்தான். அக்குழந்தை அரகோர்ன், அறுபது தலைமுறைகளுக்கும் மேல் கடந்து வந்த, எல்ரோசின் வழித்தோன்றல். இருபது வயதில் அவன் எல்ரோண்டின் மகள் அர்வெனைக் கண்டான். தோற்றத்தில் இளமங்கையாகிய அவளுக்கு அப்போது வயது 2,700க்கு மேல். பல ஆண்டுகள் கழித்து, லோரியன் காட்டிலுள்ள கெரின் அம்ரோத் என்னும் குன்றின்மேல் இருவரும் ஒருவர்க்கொருவர் உறுதி அளித்தனர். எல்ரோண்ட் மறுக்கவில்லை. தன் மகள் இழக்கப்போவது பெரிதாகையால், இரு நாடுகளுக்கும் அரசனாகும் ஒருவனுக்கே அவளைத் தருவேன் என்று மட்டும் கூறினான்.

அரகோர்ன் அரசனானான், மணமும் நிகழ்ந்தது. ஒரு காலத்தில் தம்பியை மனிதகுலத்துக்குத் தந்த எல்ரோண்ட், அத்தம்பியின் மரபுக்கே மகளையும் தந்தான். அவன் மனைவி ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்திருந்தாள். மனைவியிடம் செல்வதென்றால் மகளை உலகின் முடிவுக்கு அப்பாலும் பிரிய வேண்டும். தந்தையும் மகளும் மலைமேல் தனித்துச் சென்று நெடுநேரம் பேசினர் என்று நாவல் கூறுகிறது. என்ன பேசினர் என்பதை டோல்கியன் எழுதவில்லை, எழுதாமை நன்று. அர்வெனின் தமையன்மார் இருவரும் எதனைத் தேர்ந்தனர் என்பதும் சொல்லப்படவில்லை.

அர்வென் 120 ஆண்டுகள் அரசியாக மகிழ்ந்து வாழ்ந்தாள். அரகோர்ன் 210ஆம் வயதில், முன்னோர் முறைப்படி, தளர்ச்சி வருமுன் தானே உயிர்நீக்க முற்பட்டான். அப்போதுதான் அவளுக்குத் தன் முடிவின் முழுப்பொருளும் புலப்பட்டது. நூமெனோர் மக்களைப் பேதையர் என்று எண்ணியிருந்தவள், இறப்பு கொடையேயாயினும் பெறுதற்குக் கசப்பானது என்று உணர்ந்து அவர்களுக்காக இரங்கினாள். திரும்பிச் செல்வதற்குக் கப்பல் ஏதும் இல்லை. உலகின் எல்லைக்கு அப்பால் வெறும் நினைவினும் மிகுதியானது ஒன்று உண்டு என அரகோர்ன் நம்பிக்கை கூறினான். அவள் அதனை ஏற்றாளா என்பது தெளிவாகக் கூறப்படவில்லை.

மக்களிடம் விடைபெற்று அவள் லோரியன் சென்றாள். காடு வெறிச்சோடிக் கிடந்தது. அவளுடைய சுற்றத்தார் எவரும் அங்கு இல்லை. குளிர்காலம் வரும்வரை மரங்களின் கீழ்த் தனித்திருந்தாள். பின்னர், இளமையில் தான் உறுதியளித்த அதே குன்றின்மேல் சென்று படுத்தாள்.