கூட்டம் வேறு, வசூல் வேறு

உள்ளூர் வரலாற்றுக் கழகம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை அறை, இரண்டு பீரோ, கட்டுக்கட்டாகப் பழைய இதழ்கள், மூலையில் கல்வெட்டு மைப்படிச் சுருள்கள். தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். முதல் செயற்குழுவிலேயே உங்கள் தலையில் ஒரு தீர்மானம் விழும்: ‘பெரிய விழா ஒன்று நடத்தி நிதி திரட்டுவது.’

இதில் இரண்டு வேலைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். விழா பணம் தராது, பணத்தைத் தின்னும். மண்டப வாடகை, மைக் செட், பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசு, மதியச் சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவது அநேகமாகக் களைப்புதான். மேடையில் கைதட்டலோடு அறிவிக்கப்பட்ட தொகையை வாங்குவதற்குப் பொருளாளர் ஆறு மாதம் நடக்க வேண்டியிருக்கும். விழாவால் கிடைப்பது வேறொன்று: ஊரில் யாருக்கெல்லாம் இந்த விஷயத்தில் அக்கறை உண்டு என்ற பட்டியல். பணம் அந்தப் பட்டியலிலிருந்து, பிறகு, ஒவ்வொருவராக நேரில் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டியது.

ஆகவே நிகழ்ச்சியை ஆள் சேர்க்க நடத்துங்கள். செலவு குறைவாக, அடிக்கடி, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்கும்படியாக.

நடை

இருப்பதிலேயே மலிவானதும் பலனுள்ளதும் ஞாயிற்றுக்கிழமைக் காலை நடைதான். மதுரையில் 2010இல் யானைமலையைப் பற்றிய கவலையிலிருந்து தொடங்கிய பசுமை நடையைப் பாருங்கள். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைக்க, கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் மலையடிவாரத்திலேயே நின்று விளக்க, குடும்பம் குடும்பமாக மக்கள் சமணப் படுகைகளுக்கு ஏறினார்கள். மண்டபமும் இல்லை, மேடையும் இல்லை. அந்த நடை போன இடங்களில் ஒன்று அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது ஊர் மக்கள் பேசிய வாதங்களில் அந்த மலையின் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் இருந்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராடியது ஊர் மக்கள். நடைக்கு முழுப் பெருமையும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வரலாறு ஊர்க்காரர் வாயில் புழங்கினால்தான் வேண்டிய நேரத்தில் உதவும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

நடைக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் சொற்பம். ஆறரை மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். ஒரு விளக்குநருக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் அவர்கள் செல்ஃபி எடுக்கப் போய்விடுவார்கள். தோளில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி ஒன்று வாங்கிவிடுங்கள். கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே பார்த்து அறிவிப்பிலேயே சொல்லுங்கள். பெண்களும் முதியவர்களும் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அதை வைத்துத்தான். இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று கையில் கொடுங்கள். இட்லியோ பொங்கலோ சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரத்தில்தான் அறிமுகம் நடக்கிறது. அதை மட்டும் நிரலிலிருந்து வெட்டாதீர்கள்.

கிராமத்துக்குப் போவதென்றால் முந்தின வாரமே ஊராட்சித் தலைவரையும் கோயில் பூசாரியையும் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்கு முதலில் பேசுவது ஊர்ப் பெரியவராக இருக்கட்டும். அவர் சொல்லும் கதை கல்வெட்டோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பரவாயில்லை, உங்கள் அறிஞருக்கு அடுத்த முறை உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் நிகழ்ச்சி நடத்தவோ படப்பிடிப்பு செய்யவோ அனுமதி வேண்டும். மாநிலத் துறையின் சின்னங்களுக்கும் அப்படியே. கல்வெட்டில் எழுத்து தெரிய வேண்டும் என்று ஆர்வலர்கள் சாக்பீஸும் மாவும் தேய்க்கக் கிளம்புவார்கள். அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள்.

கழகம் எல்லாவற்றையும் தானே நடத்த வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் 2004இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் ‘மெட்ராஸ் டே’யைத் தொடங்கினார்கள். நகரம் தோன்றிய நாளாகக் கொள்ளப்படும் 1639 ஆகஸ்ட் 22இன் நினைவாக, ஆண்டுதோறும் அந்தத் தேதியை ஒட்டிய நாட்களில் பள்ளியோ, நூலகமோ, ஹோட்டலோ, குடியிருப்போர் சங்கமோ, யார் வேண்டுமானாலும் தங்கள் செலவில் ஒரு நிகழ்ச்சி நடத்தலாம். ஒருங்கிணைப்பாளர்கள் அவற்றை ஒரே நிரலாகத் தொகுத்து ஊருக்குச் சொல்வார்கள். கையிருப்பு இல்லாத கழகத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. உங்கள் ஊருக்கும் ஒரு நாள் இருக்கும்: நகராட்சி உருவான நாள், ரயில் வந்த நாள். ஒன்றும் அகப்படாவிட்டால் ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள் இருக்கவே இருக்கிறது.

வீட்டுப் பெட்டிகள்

நடைக்கு அடுத்து நான் பரிந்துரைப்பது ‘ஸ்கேன் நாள்’. ‘வீட்டிலுள்ள பழைய புகைப்படம், கல்யாணப் பத்திரிகை, நிலப் பத்திரம், கடிதம், கடைக் கணக்கு எதையும் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருகிறோம்’ என்று அறிவியுங்கள். இரண்டு ஸ்கேனர், இரண்டு கல்லூரி மாணவர், விவரம் எழுத ஒருவர் போதும். படத்தில் இருப்பது யார், எந்த ஆண்டு, எந்த வீடு என்பதைக் கொண்டுவந்தவரே சொல்லச் சொல்லி எழுதுங்கள். கழகம் இதைப் பயன்படுத்தலாம் என்று ஒரு கையெழுத்தும் வாங்குங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம், பென்சில் போதும். ஓலைச்சுவடி வந்தால் கட்டைப் பிரிக்காமல், அதில் பழக்கம் உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

அன்றைக்கு வருகிறவர்கள்தான் உங்கள் எதிர்காலப் புரவலர்கள். பாட்டனாரின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கண்காட்சியில் வைத்தால் அந்தக் குடும்பத்தில் பெங்களூரில் இருப்பவரும் வந்து பார்ப்பார்.

பழங்காசும் சிலையும் கொண்டுவந்து ‘என்ன விலை போகும்?’ என்று கேட்பவர்களும் வருவார்கள். விலை சொல்லாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள்களை வாணிகம் செய்ய உரிமம் வேண்டும். சிலை போன்ற சில வகைகளை வீட்டில் வைத்திருந்தாலே பதிவு செய்ய வேண்டும். மண்ணில் கிடைத்த புதையலென்றால் 1878ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘நிதிக்காகப் பழம்பொருள் ஏலம் விடலாமே’ என்று செயற்குழுவில் எவரேனும் யோசனை சொன்னால் அதைக் குறிப்பேட்டில்கூட ஏற்றாதீர்கள்.

எப்படிக் கேட்பது

இதற்கு வெளிநாட்டுப் பாடநூல் வேண்டாம், உங்கள் மூலையில் கிடக்கும் மைப்படிகளே போதும். சோழர் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தால் கல்லில் என்ன எழுதினார்கள்? கொடுத்தவர் பெயரும் ஊரும்; கொடுத்தது 96 ஆடு, சில ஊர்களில் 90; ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் பெயர்; அவர் நாள்தோறும் அளக்க வேண்டியது உழக்கு நெய். யார், எதற்கு, எவ்வளவு, யார் பொறுப்பு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் தன் கொடையோடு அக்கை குந்தவையின் கொடையையும் தேவியர், அதிகாரிகள் கொடைகளையும் வெட்டுவித்தான். பொதுவாக ‘திருப்பணிக்கு உதவியது’ என்று அவர்கள் எழுதவில்லை.

நாமோ ‘வரலாற்றைக் காக்க நன்கொடை தாரீர்’ என்று பேனர் அடிக்கிறோம். யாருக்கும் கை நீளாது. மாறாக, நகரின் பழைய வரைபடம் ஒன்றைச் செப்பனிட்டுச் சட்டமிட இவ்வளவு, பத்துக் கல்வெட்டுகளை மைப்படி எடுக்கப் பயணமும் தாளும் சேர்த்து இவ்வளவு, அறை வாடகை மாதத்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் போடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு உபயதாரர். திருவிழாவில் ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு குடும்பமோ சமூகமோ பொறுப்பேற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நிகழ்ச்சி நடந்த வாரத்துக்குள் நேரில் போங்கள். இரண்டு பேர் போவது நல்லது. அவருக்கு அறிமுகமானவர் பேசட்டும், மற்றவர் பட்டியலை வைத்திருக்கட்டும். தொகையைச் சொன்னபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் அங்கேதான் ‘இல்லாட்டி உங்களால முடிஞ்சத குடுங்க’ என்று தாங்களே குறைத்துவிடுகிறார்கள். கடைவீதிக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதம் போகாதீர்கள். யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது.

பணம் வந்த அன்றே ரசீது. மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று ஒரு பக்கக் கடிதமும் ஒரு படமும். இரண்டாவது முறை கொடுப்பது அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான்.

ஆயுள் சந்தாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல கழகங்களை மெதுவாக அரித்தது அதுதான். ஒரு தடவை வாங்கிய தொகையை அந்த ஆண்டே செலவழித்துவிட்டு, முப்பது ஆண்டுகள் இதழை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆயுள் சந்தா முழுவதையும் வைப்புநிதியில் போட்டு வட்டியை மட்டும் தொடுவது என்று தீர்மானம் போடுங்கள். அதற்கு மனமில்லையென்றால் ஆண்டுச் சந்தாவே போதும். நூல் வெளியிடுவதானால் முன்வெளியீட்டுத் திட்டம் நல்லது: அச்சுக்குப் போகுமுன் சலுகை விலையில் பணம் வாங்கிவிடலாம், எத்தனை படி அடிப்பது என்றும் தெரிந்துவிடும்.

காகிதங்கள்

இந்தப் பகுதி அலுப்பூட்டும், ஆனால் இங்கே தவறினால் கழகமே போய்விடும். கழகம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவாகியிருந்தால், ஆண்டுப் பேரவை நடந்து கணக்குகள் மாவட்டப் பதிவாளருக்குப் போயிருக்கின்றனவா என்று முதல் மாதமே பாருங்கள். பல சங்கங்களில் அது ஆண்டுக்கணக்காக நிலுவையில் கிடக்கும்.

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க, கழகத்துக்கு வருமான வரித் துறையின் 80ஜி ஒப்புதல் வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. ஆகவே 80ஜியை மட்டுமே தூண்டிலாக நம்பியிருக்காதீர்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களையும் படிவங்களையும் தணிக்கையாளரிடம் சரிபார்த்துக்கொண்டே ரசீது அடியுங்கள்.

சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் உதவ முன்வருவார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பது. இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் சிக்கலில்லை. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அதில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. நன்றி சொல்லி, அவர் தம் ஊரில் நூலுக்கு வாசகர்களைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் விட்டுவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியச் சின்னங்கள், கலை, பண்பாடு பாதுகாப்பும் பொது நூலகமும் இடம்பெற்றிருக்கின்றன. அந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு கழகத்துக்கு இருந்தால்தான் கதவு திறக்கும். வட்டாரத்தில் ஆலை இருக்கும் நிறுவனத்தை முதலில் அணுகுங்கள். அந்த ஆலையின் பழைய தொழிலாளர்களிடம் வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறோம் என்ற திட்டத்தோடு போனால் காது கொடுப்பார்கள்.

பெரியவர்களோடு வேலை

உங்கள் வேலை உத்தரவை எழுத்தில் வாங்குங்கள்: சம்பளமோ மதிப்பூதியமோ எவ்வளவு, பயணச் செலவு யார் தருவது, யாரைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவழிக்கலாம். ‘நம்ம பிள்ளைதானே’ என்று தோளைத் தட்டும் கழகங்களில்தான் இது மிகவும் தேவை. க்யூஆர் அட்டை கழகக் கணக்குக்கே போக வேண்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு அல்ல. அவர் எவ்வளவு நேர்மையானவரோ அவ்வளவுக்கு இது அவருக்கே பாதுகாப்பு. வங்கிக்கு இரண்டு கையெழுத்து.

மேடை வரிசையும் பொன்னாடையும்தான் கழகங்களில் சண்டைக்குக் காரணம். ‘வரவேற்புரை, வாழ்த்துரை, ஏற்புரை’ என்று பதினொரு பேர் இருக்கும் அழைப்பிதழைத் தலைவர் நீட்டினால் எதிர்த்துப் பேசாதீர்கள். ‘ஐயா, எல்லாரையும் நடைக்கு ஒவ்வொரு மாதம் ஒருவராக விளக்கம் சொல்லக் கூப்பிடலாமே’ என்று கேளுங்கள். பதினொரு மாத நிகழ்ச்சி கையில் வந்துவிடும். அவர்களில் கல்வெட்டை விரலால் தடவியே படிப்பவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பின்னாளில் அருங்காட்சியகமோ ஆவணக் காப்பகமோ உங்களை வேலைக்கு எடுக்கும்போது முதலில் பார்ப்பது அந்தத் திறனைத்தான்.

இந்த வாரமே தொடங்குவதானால் சென்ற ஆண்டு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுத்து வையுங்கள். அதில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் அவர் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதங்கள் போய்ச் சேரும்வரை புதிய விழாவுக்கு மண்டபம் பேச வேண்டாம்.