கணக்கு டீச்சர்களே, வகுப்பில் நடந்ததை எழுதுங்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் கலவையிலோ திமிரியிலோ கணக்கு எடுக்கும் ஆசிரியருக்கு இன்று பயிற்சித் தாளுக்குப் பஞ்சமில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்தால் குழுவுக்குக் குழு பி.டி.எஃப். வந்து கிடக்கும். அந்தத் தாளை வாங்கிய பிள்ளை எங்கே தடுமாறியது, டீச்சர் அடுத்து என்ன கேட்டார் என்பதுதான் யாரிடமிருந்தும் வருவதில்லை. அதை எழுதி அனுப்பிப் பாருங்கள். சக ஆசிரியர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

வகுப்பில் எதைச் செய்து பார்த்து எழுதுவது என்பதற்கு முதல் உதாரணம் காலண்டர். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் பி.கே. சீனிவாசன் (1924–2005). 1993-இல் ராயபுரத்தில் உருவான ராமானுஜன் அருங்காட்சியகத்தை வழிநடத்தியவரும் அவரே. காலண்டர் தாளை வைத்தே கணக்கு சொல்லித் தந்தவர். மாதக் காலண்டரில் 3×3 கட்டம் போடச் சொல்லுங்கள். ஒன்பது எண்களையும் கூட்டினால் நடு எண்ணின் 9 மடங்கு வரும். நடுவில் 16 என்றால் 144. ஏன் என்று கேளுங்கள். நடு எண் 'ந' என்றால் ஒரு மூலை ந−8, எதிர்மூலை ந+8. இப்படியே ஜோடி ஜோடியாக அடிபட்டு 9ந மிஞ்சும். இயற்கணிதம் எதற்கு என்று கேட்ட பிள்ளைக்கு அதுவே பதில்.

நம் பக்கத்துக்கென்று இன்னொரு சரக்கு உண்டு: தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. ஆனால் எந்தத் தோலும் சதுரமாக இருப்பதில்லை. தோல் வடிவத்தில் காகிதம் வெட்டி, கட்டத்தாளில் வைத்து வரைந்து, முழுக்கட்டங்களையும் ஓரக்கட்டங்களையும் எண்ண விடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விடை வரும். உடனே திருத்தாதீர்கள். கட்டத்தைச் சிறிதாக்கினால் விடைகள் நெருங்கி வருவதை அவர்களே பார்க்கட்டும்.

பழைய அளவு முறையில் தோலின் பின்பக்கம் 12-க்கு மேலே சின்னதாக 3 எழுதியிருந்தால் அது 12¾ சதுர அடி. அடுக்குக்குறி படித்த பிள்ளை அதை 12-இன் முப்படி, அதாவது 1728 என்று வாசிக்கும். பின்னத்தையும் அடுக்கையும் ஒரே பீரியடில் பேச இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை. பிறகு கழிவுக் கணக்கு: 20 சதுர அடித் தோலில் 17 சதுர அடிதான் வெட்டுக்கு உதவியது என்றால் சேதாரம் 15 சதவீதம்.

பகிரும்போது எந்த வகுப்பு, எவ்வளவு நேரம், என்ன பொருள், எங்கே சொதப்பியது என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். பிள்ளையின் தவறான விடையை அப்படியே எழுதுங்கள். பெயரும் முகமும் வேண்டாம். யோசனை இன்னொருவருடையது என்றால் அவர் பெயரைக் கட்டாயம் போடுங்கள்.

குழுவில் போட்டதோடு நின்றுவிடாதீர்கள். குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி நேரில் செய்து காட்டுங்கள். அடுத்த படி இந்திய கணித ஆசிரியர் சங்கம். 1965-இல் தொடங்கி சென்னையிலிருந்து இயங்கும் இந்தச் சங்கம் ஆசிரியர்களுக்கென்றே இதழ் நடத்துகிறது, மாநாடும் கூட்டுகிறது. அங்கே அனுப்புமுன் வேறு பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லி, அவர் வகுப்பில் என்ன மாறியது என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.