சட்டை தைக்கும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

• பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கக்கூடியது என்பதால், வெட்டுவதற்கு முன்பே அதை நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும்.

• துணியின் கரைக்கு இணையாக நீளவாக்கில் ஓடும் பாவு நூல் குறைவாகவே இழுபடும். ஆகவே முன்பாகம், பின்பாகம், கை ஆகியவற்றின் நீளம் அந்நூலின் திசையில் அமையுமாறு பேட்டர்னை, அதாவது தாளில் வரைந்த வெட்டு வடிவத்தை, வைத்தால் சட்டை முறுக்கிக்கொள்ளாது.

• உடலின் அசைவுக்காக அளவோடு சேர்த்துவிடும் தளர்வு, வழக்கமான சட்டையின் மார்புச் சுற்றில் 4 முதல் 6 அங்குலம் வரை இருக்கலாம்.

• விலை உயர்ந்த துணியை வெட்டுமுன், மலிவான காடாத் துணியில் மாதிரிச் சட்டை ஒன்றைத் தைத்து அணிவித்து, தோளும் கைக்குழியும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, தேவையான திருத்தங்களைப் பேட்டர்னிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

• காலருக்கும் மணிக்கட்டுப் பட்டிக்கும் விறைப்புத் தரும் கேன்வாஸை, மேல்துணியின் கனத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

• மார்பின் அகன்ற பகுதிக்கு நேராக ஒரு பொத்தான் அமைந்தால், சட்டை அங்கே விரிந்து திறந்துகொள்ளாது.

• ஒரு தையல் முடிந்ததும் அதை இஸ்திரியால் அழுத்திய பின்னரே அடுத்த தையலுக்குச் செல்ல வேண்டும். சட்டையின் நேர்த்தி பெரும்பாலும் இப்பழக்கத்தைப் பொறுத்ததே.